நூற்றியொரு நிமிடம்

குண்டு முதலில் வந்தது. சத்தம் பிறகுதான் வந்தது.

எங்கள் பிக்கப் வண்டியின் முன் கண்ணாடி பொலபொலவென்று உதிர்ந்தது. என் வலது காதில் யாரோ தீக்குச்சியைக் கிழித்தது போல ஒரு சுரீர். கையை வைத்துப் பார்த்தேன். காதின் கீழ்ப்பாதி இருக்க வேண்டிய இடத்தில் ஈரம்தான் இருந்தது.

"படுடா!"

வெர்னா தோர்சன் என் காலரைப் பிடித்து இழுத்துச் சக்கரத்துக்குப் பின்னால் தள்ளினார். இரண்டாவது குண்டு கதவைத் துளைத்தது. மூன்றாவது, நான் ஒரு வினாடிக்கு முன் நின்றிருந்த இடத்தில் மண்ணைக் கிளப்பியது.

"என் காது எங்க பாஸ்?"

"பாதி இருக்கு. உனக்கு அது போதும். நான் சொல்றத எப்பவும் பாதிதான் கேப்ப."

சொல்லிக்கொண்டே தன் துப்பாக்கியை வண்டிக்கு மேலே நீட்டி, எதிர் மேட்டைப் பார்த்து இரண்டு முறை சுட்டார். பதில் இல்லை. எங்கோ ஒரு எஞ்சின் உறுமி, மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கித் தேய்ந்தது.

வெர்னாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. இடது முழங்காலில் எஃகு மூட்டு. மாநில போலீசில் இருபத்திரண்டு வருடம் கொலை வழக்குகளாகவே பார்த்துவிட்டு, இப்போது தனியார் துப்பறிவாளர். நான் க்ளீட் லெம்கி, அவருடைய உதவியாளன். அதற்கு முன் காளைச் சவாரிப் போட்டிகளில் கோமாளி. சவாரிக்காரன் கீழே விழுந்தால், சாயம் பூசிய மூஞ்சியோடு காளையின் முன்னால் குதித்து வம்பிழுத்து, அது அவனைக் குத்தாமல் என்னைக் குத்த வருகிற மாதிரி பார்த்துக்கொள்வதுதான் வேலை. பதினேழு எலும்பு முறிவுகளுக்குப் பிறகு, பாதுகாப்பான வேலையாக இருக்கட்டுமே என்று வெர்னாவிடம் சேர்ந்தேன்.

நாங்கள் நின்றிருந்தது எமில் சோபோட்காவின் பண்ணை வீட்டுக்கு மேலே இருக்கும் மேடு. பதினோரு நாட்களுக்கு முன், எழுபத்தொன்பது வயது எமிலை யாரோ அவர் வீட்டு முற்றத்திலேயே வேலிக்கம்பி இழுக்கும் இரும்புத் தடியால் அடித்து நொறுக்கிவிட்டுப் போயிருந்தார்கள். தாடை, விலா, இரண்டு கை. அப்படியும் கிழவர் ஊர்ந்து சமையலறைக்குப் போய் அவசர எண்ணை அழைத்திருக்கிறார். ஷெரீப்பின் கீழ் வேலை பார்க்கும் போலீஸ்காரரான டெபுடி வந்து சேர்ந்தபோது உயிர் இல்லை. எமிலின் மகள் ஆர்டிஸ்தான் எங்களை அமர்த்தியவள்.

குண்டு வருவதற்கு முன்னால் அந்த மேட்டில் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தோம். நசுங்கிய புல், ஒரு வண்டியின் டயர்த் தடம், இரண்டு கை நிறைய அள்ளலாம் போல சூரியகாந்தி விதைத் தோல். யாரோ ஒருவன் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் உட்கார்ந்து விதை கொறித்திருக்கிறான். அங்கிருந்து பார்த்தால் எமிலின் சமையலறை ஜன்னல் நேராகத் தெரிந்தது.

வெர்னா அவசர எண்ணுக்குப் போன் செய்தார். நான் கைக்குட்டையைக் காதில் அழுத்திக்கொண்டு மணி பார்த்தேன். ஒன்பதாவது நிமிடத்தில், டன்மோர் கவுண்டி என்னும் அந்த மாவட்டத்தின் ஷெரீப் அலுவலக வண்டி வந்து நின்றது.

"ஒன்பதே நிமிஷம்!" என்றேன். "டன்மோர் கவுண்டி சரித்திரத்துலேயே இல்ல. பீட்சாகூட இவ்வளவு சீக்கிரம் வராது."

இறங்கியவர் டெபுடி வேட் கெஸ்லர். நாற்பத்திரண்டு வயது, அகலத் தோள், பதினாலு வருட சர்வீஸ். எமிலின் பிணத்தை முதலில் பார்த்தவரும் அவர்தான். முதலுதவிப் பெட்டியை எடுத்து வந்து, ஒரு தாய் மாதிரி என் காதுக்குக் கட்டுப் போட்டார்.

"பக்கத்துலதான் ரோந்துல இருந்தேன். மான் சீசன் பாருங்க. எவனாவது குறி தப்பியிருப்பான்."

"மூணு தடவையா? என்னப் பாத்தா மான் மாதிரியா இருக்கு?"

"மான் அழகா இருக்கும்" என்றார் வெர்னா.

வேட் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நமக்குள்ள இருக்கட்டும் மேடம். ஷெரீப் ஆர்வலுக்கு எழுபத்தொரு வயசாச்சு. ஆபீஸ் ஆபீஸா இல்ல. செவ்வாக்கிழமை தேர்தல்ல அவர எதிர்த்து நிக்கிற ராய்ஸ் ஜெயிச்சாத்தான் இந்தக் கவுண்டி உருப்படும். இன்னிக்குத் தீயணைப்பு நிலையக் கூடத்துல அவரோட காலை விருந்து இருக்கு. காபி நான்தான் ஊத்தறேன். வாங்க, அங்க பாப்போம்."

அவர் போனதும் நாங்களும் கிளம்பினோம். கண்ணாடி இல்லாத வண்டியில் அக்டோபர்க் காற்று முகத்தில் அறைந்தது. வெர்னா மடியில் உள்ளூர் வாரப் பத்திரிகையை விரித்துப் பறக்காமல் முழங்கையால் அழுத்திக்கொண்டார்.

கவுண்டிப் போலீசின் தலைவரான ஷெரீப் பதவிக்கு நிற்கும் இருவரிடமும் பத்திரிகை ஐந்து கேள்விகள் கேட்டிருந்தது. போதைப் பொருள், மாட்டுத் திருட்டு, சிறை, டெபுடிகளின் நடத்தை, ஆபத்தில் கூப்பிட்டால் போலீஸ் வந்து சேரும் நேரம். கடைசிக் கேள்விக்கு ராய்ஸ் அம்டால், நெடுஞ்சாலைப் போலீசில் இருந்து ஓய்வு பெற்றவர், இப்படி எழுதியிருந்தார்: 'எமில் சோபோட்கா நூற்றியொரு நிமிடம் தன் ரத்தத்திலேயே கிடந்தார்.' மறுநாளே ஷெரீப் ஆர்வல் நைகார்ட் அலுவலகப் பதிவை வெளியிட்டார். அழைப்பு வந்தது நாலு முப்பத்தொன்பது. டெபுடி போய்ச் சேர்ந்தது ஐந்து ஐம்பத்துமூன்று. எழுபத்துநான்கு நிமிடம்.

"ஓட்டுக்காக இருபத்தேழு நிமிஷம் கூட்டிச் சொல்லிட்டாரு. அரசியல்வாதிக்கு இது கம்மி" என்றேன்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன். பொய் சொல்றவன் நூறுன்னு சொல்லுவான். ரெண்டு மணி நேரம்னு சொல்லுவான். நூத்தியொண்ணுன்னு எவன்டா சொல்லுவான்?"

வெர்னா தன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

"அஞ்சு அம்பத்துமூணுல இருந்து நூத்தியோரு நிமிஷம் பின்னால போ, க்ளீட்."

விரல் விட்டேன். "நாலு பன்னெண்டு."

"அன்னிக்கு ஆர்டிஸ் அப்பாகூடப் போன்ல பேசிட்டிருந்தா. 'நாய் கொலைக்குது, யாரோ வண்டில வந்திருக்காங்க, அப்புறம் பேசறேன்'னு கெழவர் போனை வெச்சது நாலு பத்து. இது அவளுக்குத் தெரியும், நமக்குத் தெரியும். வேற யாருக்கும் சொல்லல."

"அப்ப நாலு பன்னெண்டுங்கறது..."

"முதல் அடி விழுந்த நேரம். கெழவர் போன்கிட்ட ஊர்ந்து போகவே இருபத்தேழு நிமிஷம் ஆயிருக்கு. ஆபீஸ் கணக்கு போன் வந்ததுல இருந்து ஆரம்பிக்குது. பேப்பர்ல வந்த கணக்கு அடிச்சதுல இருந்து ஆரம்பிக்குது. அந்தக் கணக்கு ஒரே ஒருத்தனுக்குத்தான் தெரியும்."

"ராய்ஸ் அம்டால்!" ஸ்டியரிங்கில் குத்தினேன். "அந்த ஆளுக்கு ஓட்டுப் போடுங்கன்னு என் வீட்டு வாசல்ல நான் என் கையால பலகை நட்டேன் பாஸ்!"

வெர்னா பத்திரிகையை மடித்தார். "உள்ள போனதும் நீ காபிப் பாத்திரம் பக்கத்துல போய் நில்லு. என்ன நடந்தாலும் அங்கேயே நில்லு."

"ஏன்?"

"காபி குடிக்க."

தீயணைப்புக் கூடத்தில் அறுபது எழுபது பேர். தீயணைப்பு வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே நீள மேஜைகள் போட்டிருந்தார்கள். பெரிய இரும்புக் கல்லில் அப்பம் அப்பமாக மாவு வெந்துகொண்டிருந்தது. பன்றி இறைச்சி பொரிகிற வாசம். காபிப் பாத்திரத்தின் பக்கத்தில் ஏற்கெனவே ஒருவர் நின்றிருந்தார். சீருடையில் வேட் கெஸ்லர். எனக்குத் தானே ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்தார். அவருக்கு அருகில் இருந்த மேஜையில் ஆர்டிஸ் தனியாக உட்கார்ந்திருந்தாள். தட்டைத் தொடவில்லை.

மேடையில் ராய்ஸ் பேசிக்கொண்டிருந்தார். ஆறடி மூன்று அங்குலம். கை இரண்டும் மண்வெட்டி மாதிரி.

"ரெண்டாயிரத்து அறுநூறு சதுர மைலுக்கு ஆறே ஆறு டெபுடி. ஆபத்துன்னு கூப்பிட்டவங்க வீட்டுக்கு எல்லாம் முடிஞ்சப்புறம் போய்ச் சேர்றவன் போலீஸ் இல்ல, பேப்பர் போடறவன். நான் வந்தா தெக்குக் கோடில ஒரு காவல் நிலையம் வரும். சிறைல பதினெட்டுப் படுக்கை, முப்பத்தோரு ஆளு. அதுல பாதிப் பேருக்குத் தேவை டாக்டர், பூட்டு இல்ல."

கைதட்டினார்கள்.

"இன்னொண்ணு. விலங்கு மாட்டினதுக்கு அப்புறம் ஒருத்தன் மேல கைவைக்கிற டெபுடிய அன்னிக்கே வீட்டுக்கு அனுப்புவேன்."

இதற்குக் கைதட்டல் இல்லை. பின்னாலிருந்து ஒரு கிழட்டுப் பண்ணைக்காரர் கத்தினார். "அடிக்காம எவன்யா நெசத்தச் சொல்லுவான்?" கூடம் சிரித்தது. ராய்ஸ் சிரிக்கவில்லை.

"கட்டிப் போட்டவன அடிக்கிறது கோழைத்தனம், ஹார்லன். நீங்க ஓட்டுப் போடலேன்னாலும் அதுதான் என் கருத்து."

வெர்னா எழுந்தார். "எனக்கு ஒரு கேள்வி, மிஸ்டர் அம்டால். நூத்தியோரு நிமிஷம்னு எழுதினீங்க. ஆபீஸ் பதிவு எழுபத்தினாலுன்னு சொல்லுது. எது சரி?"

"நூத்தியொண்ணு" என்றார் ராய்ஸ், கண் இமைக்காமல். "அச்சுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு தடவ கேட்டு உறுதி பண்ணிக்கிட்டேன்."

"யார்கிட்ட?"

"அத நான் சொல்ல முடியாது. ஒரு நல்ல மனுஷனோட வேலை போயிடும்."

"அப்ப நான் சொல்றதக் கேளுங்க. எழுபத்தினாலுதான் போன் வந்ததுல இருந்து ஆன நேரம். நூத்தியொண்ணுன்னா நாலு பன்னெண்டு. நாலு பன்னெண்டுக்கு என்ன நடந்துச்சு?"

ராய்ஸ் விழித்தார். ஆர்டிஸ் மெல்ல எழுந்து நின்றாள்.

"நாலு பத்துக்கு நான் அப்பாகூடப் பேசிட்டிருந்தேன்" என்றாள். "யாரோ வந்திருக்காங்கன்னு சொல்லி வெச்சுட்டாரு. வெக்காதீங்கன்னு நான் சொல்லல."

ராய்ஸின் உதடுகள் கணக்குப் போட்டன. போட்டு முடித்த நொடியில் அந்த முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். அவர் கண்கள் மெதுவாகத் திரும்பி, காபிப் பாத்திரத்தில் வந்து நின்றன.

"வேட்" என்றார். "நீதானே என் சமையலறைல உக்காந்து சொன்ன? உனக்கு எப்படித் தெரியும்?"

என் கோப்பை கைநழுவியது.

"எமில் சாகறப்ப எழுபத்தினாலு நிமிஷம்" என்றார் வெர்னா, வேட் கெஸ்லரைப் பார்த்து நடந்தபடி. "இன்னிக்குக் காலைல எங்களுக்கு ஒன்பது நிமிஷம். அதே டெபுடி, அதே ரோடு. எங்களச் சுட்ட துப்பாக்கி உன் ரோந்து வண்டில இருந்து எவ்வளவு தூரத்துல இருந்துச்சு, வேட்? கைக்கு எட்டற தூரமா?"

வேட் ஒரே பாய்ச்சலில் ஆர்டிஸின் தலைமுடியைப் பற்றி இழுத்துத் தன் மார்போடு அணைத்து, துப்பாக்கியை அவள் தாடைக்குக் கீழே குத்தினான். மேஜை கவிழ்ந்தது. ஆட்கள் அலறிக்கொண்டு தரையில் விழுந்தார்கள்.

"எவனும் அசையாதீங்க!"

"ஏன் வேட்?" ராய்ஸின் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"ஏனா? உனக்காகத்தான்யா! ரெண்டு மாசமா லேட்டா வர்றாங்க, லேட்டா வர்றாங்கன்னு கத்தின. எவன் கேட்டான்? ஒரே ஒரு கெட்ட சம்பவம் நடந்தாத்தான் ஜனங்களுக்கு ஒறைக்கும். நீ ஜெயிச்சா அடுத்த நாற்காலி எனக்குன்னு சொன்னேல்ல? பதினாலு வருஷம், ராய்ஸ்! கெழவன ஒரு தட்டுத் தட்டிக் கீழ தள்ளறதுதான் திட்டம். மூஞ்சில துணி கட்டியிருந்தேன். அப்படியும் கண்டுபிடிச்சுட்டான். 'வேட், உங்கப்பன் உன்ன இப்படியா வளத்தான்'னு கேட்டான். அப்புறம் என்னால எப்படி நிறுத்த முடியும்?"

ஆர்டிஸ் கண்களை மூடிக்கொண்டாள்.

"செத்துட்டான்னு நெனச்சு மேட்டுல போய் உக்காந்தேன். வயர்லெஸ்ல கூப்பிடறாங்க, சோபோட்கா வீட்டுல இருந்து போன், பேச்சு வரல, முனகல் மட்டும் கேக்குதுன்னு. முனகல் நிக்கிற வரைக்கும் வெயிட் பண்ணினேன்."

அவன் கொல்லைக் கதவை நோக்கி அவளை இழுத்தபடி பின்வாங்கினான். வெர்னாவிடம் துப்பாக்கி இருந்தது, சுட வழியில்லை. நடுவில் ஆர்டிஸ் இருந்தாள்.

காளைக்கு முன்னால் நிற்பவனுக்கு ஒரு விஷயம் தெரியும். கொம்பு எதைப் பார்க்கிறதோ அதைத்தான் குத்தும். அதனால் கொம்பு நம்மைப் பார்க்க வேண்டும். மேஜைக்கடியில் கிடந்த ஒரு தட்டை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்தேன்.

"வேட் கண்ணு! மூணு தடவ சுட்டு அரைக்காதுதான் எடுத்தியா? எங்க அத்தை கண்ணாடி போடாம இதவிட நல்லா சுடுவா!"

"தள்ளிப் போடா கோமாளி!"

"அடுத்த நாற்காலி வேணுமாம்! உனக்குக் கக்கூஸ்ல இருக்கிற நாற்காலிகூடத் தர மாட்டாங்கடா! மிச்சக் காதையும் எடு பாப்போம், வா!"

துப்பாக்கி ஆர்டிஸின் தாடையை விட்டு என் பக்கம் திரும்பியது. சுட்டான். இடது தோளில் காளை முட்டியது போல இடி. அப்படியே சுழன்று விழுந்தேன். இரண்டாவது குண்டு அப்பக் கல்லில் பட்டுத் தெறித்து, கொதிக்கும் கொழுப்பு சிதறியது. அதற்குள் ஆர்டிஸ் அவன் கட்டை விரலைக் கடித்துவிட்டாள். வெர்னா மடக்கு நாற்காலியை மடக்கியே அவன் முழங்காலில் வீசினார். அவன் மடிந்தான். அடுத்த வீச்சில் மணிக்கட்டு முறிகிற சத்தம் கேட்டது. துப்பாக்கி சறுக்கிக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. அவன் இடுப்பிலிருந்த விலங்கையே எடுத்து, அவன் கைகளைப் பின்னால் வளைத்துப் பூட்டினார் வெர்னா.

"முடிஞ்சுது" என்றார், மூச்சு வாங்க.

முடியவில்லை.

ராய்ஸ் மேடையிலிருந்து இறங்கி வந்தார். ஓடவில்லை, நடந்துதான் வந்தார். குனிந்து, விலங்கிட்டுக் கிடந்தவனின் சட்டையை இடது கையால் பற்றித் தூக்கினார். வலது கையால் அடித்தார். மூக்கு போனது. மறுபடி அடித்தார். பல் ஒன்று என் கால் பக்கத்தில் வந்து விழுந்தது. மூன்று. நான்கு. வேட் கத்தினான், பிறகு கத்தவில்லை. ஐந்து. அடிக்கும்போது ராய்ஸ் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"ராய்ஸ்! போதும்! செத்துடுவான்!" வெர்னா கையைப் பிடித்தார், ராய்ஸ் உதறியதில் எஃகு முழங்கால் மடங்கிக் கீழே விழுந்தார். நான் ஒற்றைக் கையோடு எழுந்து ராய்ஸின் முதுகில் ஏறி, கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினேன். என் ரத்தம் அவர் சட்டை முழுதும் வழிந்தது. ஆறாவது அடிக்கு ஓங்கிய கை அந்தரத்திலேயே நின்றது.

அப்போது யாரோ கை தட்டினார்கள்.

ஆர்டிஸ். பிய்ந்த முடியோடு, வாயில் அவன் ரத்தத்தோடு நின்று தட்டினாள். அடுத்து ஹார்லன் தட்டினார். பிறகு கூடமே எழுந்து நின்று தட்டியது. விசில் அடித்தார்கள். ராய்ஸ் தன் கைமுட்டியைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், தரையில் கிடந்ததைப் பார்த்தார். பிறகு சுவரோரமாகப் போய் வாந்தி எடுத்தார்.

ஷெரீப் ஆர்வல் நைகார்ட் வந்தபோது கைதட்டல் ஓய்ந்திருந்தது. வேட் கெஸ்லரை ஆம்புலன்சில் ஏற்றினார்கள்; மூச்சு இருந்தது. ராய்ஸ் நேராக ஆர்வலிடம் போய் இரண்டு கைகளையும் நீட்டினார்.

"விலங்கு மாட்டினவன அடிச்சேன். எழுபது சாட்சி இருக்கு. பூட்டுங்க ஆர்வல்."

"யோவ், தேர்தலுக்கு மூணு நாள் இருக்கு. எதிர்த்து நிக்கிறவன நான் கைது பண்ணினா ஊரு என்னய்யா சொல்லும்?"

"நீங்க பண்ணலேன்னா, நான் மேடைல சொன்னதுக்கு என்ன அர்த்தம்?"

"அவர விடுங்கய்யா!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். ஆர்வல் தன் தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு விலங்கை எடுத்தார். பூட்டு இரண்டு முறை வழுக்கியது. ராய்ஸ் பொறுமையாக நீட்டிக்கொண்டே நின்றார்.

வாக்குச் சீட்டுகள் அச்சாகிவிட்டிருந்தன. பெயரை நீக்க முடியாது. எனக்கு ஓட்டுப் போடாதீர்கள் என்று ஜாமீனில் வந்த ராய்ஸ் உள்ளூர் வானொலியில் கேட்டுக்கொண்டார். செவ்வாய்க்கிழமை அறுநூற்றுப் பதினோரு வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்தக் கவுண்டியில் யாரும் அவ்வளவு வித்தியாசத்தில் ஜெயித்ததில்லை.

புதன்கிழமை காலை ஆர்டிஸ் ஆஸ்பத்திரிக்கு என்னைப் பார்க்க வந்தாள். வெர்னா என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்கு வந்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தார்.

"ராய்ஸ் பதவி ஏத்துக்க மாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டாராமே?" என்றாள் ஆர்டிஸ். "ஏன் மேடம்? ஜனங்க இவ்வளவு பேரு வேணும்னு சொல்றாங்க. நான் ஜென்மத்துல ஓட்டுப் போட்டதில்ல. இந்தத் தடவ விடிஞ்சதும் போய் நின்னேன். அவரு அவன அடிச்ச அடிக்காகவே போட்டேன்."

வெர்னா ரொட்டியைக் கீழே வைத்தார்.

"அதனாலதான் வரமாட்டேங்கறாரு, ஆர்டிஸ்."